இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல்: பாகம் அளப்பதிலிருந்து பெட்டி மூடும் வரை

1966-ல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி) சர்க்யூட்டைத்தான் இங்கே கையால் கட்டப் போகிறோம். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (திருப்பி அளவு மாற்றும் ரெசிஸ்டர்). மொத்தமே பதினொரு பாகம். பாகம் குறைவு என்பதால் சுலபம் என்று நினைத்துப் பலர் இதை முதல் பெடலாக எடுக்கிறார்கள். சால்டர் செய்வது சுலபம்தான். ஆனால் பதினொன்றே பாகம் என்பதால் ஒவ்வொன்றின் அளவும் நேராகக் காதில் விழும். ஒரு டிரான்சிஸ்டரின் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, மாறினால் பெடலின் குணமே மாறிவிடும்.

புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் முதலில் போர்டில் சால்டர் வைக்கிறார்கள், அப்புறம் பெட்டியில் போடுகிறார்கள், கடைசியில்தான் வோல்ட் பார்க்கிறார்கள். சத்தம் நன்றாக வராவிட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். நாம் வரிசையை மாற்றுவோம். முதலில் அளப்பது, அடுத்து பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைக் குத்திப் பார்க்கும் துளைப் பலகை) கட்டி பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டரில் நிற்கும் வோல்ட், சரிசெய்வது, காதுக்குப் பிடித்த பிறகே சால்டர், கடைசியில் பெட்டி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் பெடலை சிலிக்கன் டிரான்சிஸ்டரில் கட்டுங்கள். பழைய ஜெர்மேனியம் ஒலிக்கு ஆசைப்பட்டுத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள், அது புரிகிறது. ஆனால் ஜெர்மேனியம் வெப்பத்துக்கு மிகவும் அசையும். நம் ஊர் வெயிலில், சர்க்யூட் பிடிபடுவதற்கு முன்பே அதை எடுத்தால் பிழை கட்டியதில் இருக்கிறதா, பாகத்தில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிலிக்கனில் ஒன்று ஓடட்டும். ஜெர்மேனியத்துக்குக் கடைசிப் பகுதியில் வருகிறேன்.

டிரான்சிஸ்டர்: பிசி108 அல்லது பிசி109, உலோகத் தொப்பி போட்ட பழைய வகை. கிடைக்காவிட்டால் பிசி547 அல்லது பிசி549, பிளாஸ்டிக் உடல். பத்துப் பதினைந்தாக வாங்குங்கள். விலை குறைவு, அளந்து தேர்ந்தெடுக்கத் தேவைப்படும்.

ரெசிஸ்டர்: 33 கே, 8.2 கே, 330 ஓம், 100 கே. கால் வாட் போதும். இவற்றோடு 1 மெக், 4.7 கே ஒவ்வொன்று, 10 கே பிரிசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்னப் பாட்) ஒன்று.

கெப்பாசிட்டர்: 2.2 மைக்ரோஃபாரட், 22 மைக்ரோஃபாரட், 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்; 0.01 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர். கடைசியாகச் சொன்னதன் மேல் 103 என்று எழுதியிருக்கும்.

பாட்: ஃபஸ்ஸுக்கு 1 கே, வால்யூமுக்கு 500 கே லாக். 1 கே பாட் தலைகீழ் லாக், அதாவது சி வகையாகக் கிடைத்தால் விடாதீர்கள். சாதாரண லீனியர் பாட்டில் முக்கால்வாசி திருப்பும் வரை பெரிதாக ஒன்றும் நடக்காது, கடைசித் துளியில் எல்லாம் ஒன்றாக வரும்.

மற்றவை: 3பிடிடி கால் சுவிட்ச், 6.35 மில்லிமீட்டர் ஜாக் இரண்டு (கடையில் பி-38 என்று கேட்டாலும் கொடுப்பார்கள், இன்புட்டுக்கு ஸ்டீரியோ வகை), டிசி ஜாக், 1என்5817 டயோடு, எல்இடி, டாட் போர்டு, 9 வோல்ட் பேட்டரியும் கிளிப்பும். பெட்டிக்கு 1590பி அளவுள்ள வார்ப்பு அலுமினியப் பெட்டி. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் நேரில் வாங்கிவிடலாம். கால் சுவிட்ச், சி வகை பாட், வார்ப்புப் பெட்டி மூன்றையும் கிட்டார் பெடல் பாகம் விற்கும் ஆன்லைன் கடைகளில் தேடுவது அலைச்சலைக் குறைக்கும்.

கருவி: டிரான்சிஸ்டர் கெயின் காட்டும் துளை உள்ள மல்டிமீட்டர், பிரெட்போர்டு, 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயக் கம்பி. பிரெட்போர்டைச் செலவு என்று தவிர்க்காதீர்கள். இந்தப் பெடல் உருவாவதே அதன் மேல்தான்.

2. சர்க்யூட்டை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

படம் பார்த்துக் கட்டுபவர்கள் ஒரு கம்பி மாறினால் திகைத்து நின்றுவிடுகிறார்கள். பதினொரு பாகம் தானே, ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் படமே தேவைப்படாது. காகிதத்தில் நீங்களே வரைந்தபடி படியுங்கள். முதல் டிரான்சிஸ்டரை க்யூ1 என்றும் இரண்டாவதை க்யூ2 என்றும் சொல்கிறேன். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர். கிரவுண்டு என்பது பேட்டரியின் நெகட்டிவோடு சேரும் பொது வரி.

கிட்டார் சிக்னல் 2.2 மைக்ரோஃபாரட் வழியாக க்யூ1-ன் பேஸுக்குப் போகிறது. கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் கால் பேஸ் பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே 0.6 வோல்ட் நிற்கிறது, கிட்டார் பக்கம் பூஜ்யம்.

க்யூ1-ன் எமிட்டர் நேராக கிரவுண்டு. கலெக்டர் 33 கே வழியாக 9 வோல்ட்டுக்கு. அதே கலெக்டர் இடையில் எதுவும் இல்லாமல் க்யூ2-ன் பேஸுக்கும் போகிறது.

க்யூ2-ன் எமிட்டரிலிருந்து 1 கே ஃபஸ் பாட் வழியாக கிரவுண்டு. பாட்டின் இரு ஓரக் கால்களில் ஒன்று எமிட்டர், மற்றது கிரவுண்டு. நடுக்காலிலிருந்து 22 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு, பாசிட்டிவ் கால் பாட் பக்கம். நடுக்கால் எமிட்டர் பக்கம் நகரும்போது கெப்பாசிட்டர் சிக்னலை முழுதாக கிரவுண்டுக்கு இழுக்கிறது, க்யூ2-ன் கெயின் உச்சத்துக்குப் போகிறது. டிசி மட்டும் எப்போதும் முழு 1 கே வழியாகத்தான் ஓடும். அதனால்தான் ஃபஸ்ஸைத் திருப்பினாலும் பயாஸ் மாறுவதில்லை.

9 வோல்ட்டிலிருந்து 330 ஓம், அதன் மறுமுனையிலிருந்து 8.2 கே, அதன் மறுமுனை க்யூ2-ன் கலெக்டர். இரண்டு ரெசிஸ்டரும் சேரும் இடத்திலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் வழியாக வால்யூம் பாட்டுக்கு அவுட்புட். நேராகக் கலெக்டரில் எடுத்தால் பல வோல்ட் அளவுக்கு சிக்னல் வரும், ஆம்ப் தாங்காது. அதனால்தான் சிறு பங்கை மட்டும் 330 ஓம் மீது எடுக்கிறோம்.

கடைசியாக 100 கே. க்யூ2-ன் எமிட்டரிலிருந்து க்யூ1-ன் பேஸுக்குத் திரும்பி வருகிறது. இந்த சர்க்யூட்டின் உயிர் இதுதான். க்யூ1-க்குத் தேவையான பேஸ் கரண்ட் இதன் வழியாகத்தான் வருகிறது. சிக்னலை ஓரளவு அடக்கி வைப்பதும் இதுவே.

3. டிரான்சிஸ்டர்களை அளந்து பிரித்துவையுங்கள்

பிசி547-ல் ஏ, பி, சி என்று பிரிவு உண்டு. ஏ என்றால் கெயின் 110 முதல் 220, பி என்றால் 200 முதல் 450, சி என்றால் 420 முதல் 800. இவ்வளவு அகலமாக இருப்பதால் மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. மல்டிமீட்டரின் துளையில் போட்டு ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.

க்யூ1-க்கு 200, 250 வாக்கில் ஒன்று. க்யூ2-க்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒன்று. இது என் தேர்வு. இரண்டிலும் 500-க்கு மேல் போட்டாலும் பெடல் வேலை செய்யும், ஆனால் இரைச்சல் கூடும், கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் சத்தம் சுத்தமாகாது.

கால் வரிசையில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பிசி547-ன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904, 2என்5088 போன்ற அமெரிக்க எண்களில் இது அப்படியே தலைகீழ். பிசி108-ல் உலோக விளிம்பில் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அருகில் உள்ள கால் எமிட்டர், நடுவில் பேஸ், மற்றது கலெக்டர். இன்னொன்று, அந்த உலோகத் தொப்பி கலெக்டரோடு உள்ளே இணைந்தே இருக்கிறது. பெட்டியையோ பக்கத்துக் கம்பியையோ அது தொட்டால் ஷார்ட்.

ரெசிஸ்டர்களையும் இப்போதே அளந்துவிடுங்கள். 33 கே என்றால் ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு. 330 ஓம் என்றால் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. மாலை விளக்கு வெளிச்சத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றிப் போட்டு மணிக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். 1 கே பாட்டின் ஓரக் கால்களுக்கிடையே அளந்து அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 கே என்று எழுதியிருந்தாலும் 850 ஓம் இருக்கலாம், 1,100 இருக்கலாம். இந்த எண் ஏன் முக்கியம் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.

4. பிரெட்போர்டில் கட்டுங்கள்

இரண்டாம் பகுதியில் சொன்ன வரிசையிலேயே பொருத்துங்கள். ஒரே ஒரு மாற்றம்: 8.2 கே இருக்கும் இடத்தில் 10 கே பிரிசெட். அதன் நடுக்காலையும் ஒரு ஓரக் காலையும் மட்டும் பயன்படுத்தி, தொடக்கத்தில் 6 கே அளவில் வையுங்கள்.

பாட்களுக்குக் கம்பி சால்டர் செய்து நுனியை பிரெட்போர்டில் குத்துங்கள். முதலைக் கிளிப் போட்டால் ஆடும், ஆட்டம் பயாஸ் அளவையே குழப்பும். பெட்டியில் எந்தப் பாட் போகப்போகிறதோ அதையே இங்கேயும் பயன்படுத்துங்கள்.

பேட்டரி மாட்டும் முன் 9 வோல்ட் வரிக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். நேர் ஷார்ட் இல்லை என்றால் பேட்டரி. கிட்டாரை இன்னும் மாட்ட வேண்டாம். முதலில் வோல்ட்டைப் பார்த்துவிடுவோம்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில். நீங்கள் பார்க்க வேண்டியவை இவை:

க்யூ1 எமிட்டர்: 0
க்யூ1 பேஸ்: சுமார் 0.6
க்யூ1 கலெக்டர், அதாவது க்யூ2 பேஸ்: 1.2 முதல் 1.5
க்யூ2 எமிட்டர்: 0.6 முதல் 0.9
க்யூ2 கலெக்டர்: பிரிசெட்டால் வைக்கப்போவது

க்யூ1 கலெக்டரில் 2 வோல்ட் வாக்கிலோ அதற்கு மேலோ நின்றால் க்யூ1 வேலை செய்யவில்லை. கால் மாறியிருக்கும் அல்லது 100 கே விட்டுப்போயிருக்கும். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் க்யூ2-ன் பேஸோ எமிட்டரோ எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது.

5. பயாஸ்: இங்கே நேரம் செலவழியுங்கள்

க்யூ2-ன் கலெக்டர் பேட்டரியின் பாதியில், 4.5 வோல்ட் வாக்கில் நின்றால் சிக்னல் மேலும் கீழும் ஏறக்குறைய சமமாக வெட்டுப்படும். பழைய அளவான 8.2 கே-யை அப்படியே போட்டால் சிலிக்கனில் இது கிடைக்காது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

க்யூ1-ல் ஓடும் கரண்ட், 33 கே-யின் மீது விழும் சுமார் 7.7 வோல்ட்டால் 0.23 மில்லிஆம்பியர். க்யூ1-ன் கெயின் 300 என்றால் அதற்குத் தேவையான பேஸ் கரண்ட் 0.8 மைக்ரோஆம்பியருக்குள். அது 100 கே வழியாக வருவதால் அங்கே 0.08 வோல்ட் விழுகிறது. பேஸில் 0.6 சேர்ந்து க்யூ2-ன் எமிட்டர் 0.68 வோல்ட். கீழே 1 கே இருப்பதால் க்யூ2-ல் 0.68 மில்லிஆம்பியர். அது 8.2 கே, 330 ஓம் இரண்டிலும் ஓடும்போது 5.8 வோல்ட் விழுந்துவிடும். கலெக்டரில் மிஞ்சுவது 3.2 வோல்ட்தான். 4.5 வேண்டுமானால் மொத்த ரெசிஸ்டன்ஸ் 6.6 கே வாக்கில் இருக்க வேண்டும். பிரிசெட்டை 6 கே-யில் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதே கணக்கில் இரண்டு விஷயம் தெரிகிறது. க்யூ1-ன் கெயின் குறைந்தால் 100 கே-யில் விழும் வோல்ட் கூடும், க்யூ2-ன் கரண்ட் கூடும், கலெக்டர் இன்னும் இறங்கும். ஃபஸ் பாட் 1 கே-க்குப் பதில் 850 ஓம் என்றாலும் கரண்ட் கூடி அதேதான் நடக்கும். அதனால்தான் டிரான்சிஸ்டரையோ பாட்டையோ மாற்றினால் பயாஸை மறுபடி வைக்க வேண்டும். இன்னொருவர் பெடலின் ரெசிஸ்டர் அளவைப் பார்த்து அப்படியே போடுவது பயன்படாது.

மீட்டரில் 4.5 வந்ததும் கிட்டாரை மாட்டுங்கள். ஃபஸ் முழுதாக, வால்யூம் பாதியில். ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு அது தேய்ந்து அடங்கும் வரை காத்திருந்து கேளுங்கள். பயாஸின் குறை தட்டும்போது தெரியாது, வால் பகுதியில்தான் தெரியும். இப்போது பிரிசெட்டை மெதுவாகத் திருப்புங்கள். கலெக்டர் 3 வோல்ட்டுக்குக் கீழே போகும்போது சத்தம் மந்தமாகி அமுங்கும். 5, 5.5-ல் விளிம்பு கூர்மையாகும். 7-ஐத் தாண்டினால் ஸ்வரம் இழுபடாமல் பொரிந்து அறுந்துவிடும். அந்தப் பொரிவைத் தேடியே கட்டுபவர்களும் உண்டு. பிரிசெட்டை எந்தப் பக்கம் முழுதாகத் திருப்பினாலும் எதுவும் எரியாது, ஏனென்றால் கரண்ட்டைக் கீழே இருக்கும் 1 கே கட்டிப்போட்டிருக்கிறது. பயப்படாமல் ஓரம் வரை போய்ப் பாருங்கள்.

பிடித்த இடம் கிடைத்ததும் பேட்டரியைக் கழற்றி, பிரிசெட்டை வெளியே எடுத்து அளந்து, அதற்குக் கிட்டத்தட்டச் சமமான ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். சிலிக்கனில் இது ஒருமுறை வைத்தால் அசையாது.

6. பிரெட்போர்டை விட்டு நகரும் முன்

உங்கள் கிட்டாருக்கு ஏற்ப மாற்ற வேண்டியதை இப்போதே மாற்றுங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் பாகம்) உள்ள கிட்டாரில் கீழ்ச் சுரங்கள் கலங்கிப்போனால் 2.2-க்குப் பதில் 0.47 அல்லது 0.1 மைக்ரோஃபாரட் இன்புட் கெப்பாசிட்டர் போட்டுக் கேளுங்கள். பெடலை ஆன் செய்தால் வால்யூம் போதவில்லை என்றால் 330 ஓமை 470 அல்லது 1 கே ஆக்குங்கள், பயாஸை மறுபடி பாருங்கள்.

வானொலி கேட்கிறதா? சிலிக்கனின் கெயின் அதிகம், நீளமான கிட்டார் ஒயர் ஆன்டெனா ஆகிவிடும். க்யூ1-ன் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 100 பிகோஃபாரட் செராமிக் ஒன்று போட்டால் நிற்கும். இன்னும் கேட்டால் 220. அதற்கு மேல் போனால் மேல் சுரங்களும் மழுங்கும்.

7. போர்டில் சால்டர்

டாட் போர்டில் பாகங்களை பிரெட்போர்டில் இருந்த அதே வரிசையில் அமர்த்துங்கள். இன்புட் இடது ஓரத்தில், அவுட்புட் வலது ஓரத்தில். இரண்டும் பக்கத்தில் இருந்தால் அவுட்புட் சிக்னல் இன்புட்டுக்குத் தாவி பெடல் விசில் அடிக்கும்.

உயரம் குறைந்தவை முதலில்: ரெசிஸ்டர், அப்புறம் டிரான்சிஸ்டர் சாக்கெட், கெப்பாசிட்டர், கடைசியில் கம்பிகள். டிரான்சிஸ்டரை நேராக சால்டர் செய்யாமல் சாக்கெட் வையுங்கள். மாற்றிக் கேட்கவும் முடியும், சூடும் படாது.

இங்கே மூன்று பாகம் புதிதாகச் சேரும். இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மெக். இது இல்லாவிட்டால் சுவிட்சை மிதிக்கும்போது டப் என்று சத்தம் வரும். 9 வோல்ட் வரும் வழியில் 1என்5817 டயோடு, கோடு போட்ட முனை சர்க்யூட் பக்கம். அடாப்டரை மாற்றி மாட்டினால் காப்பாற்றும். இதற்கு 1என்4007 போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது அரை வோல்ட்டுக்கு மேல் தின்னும், நீங்கள் வைத்த பயாஸ் நகரும். மூன்றாவது 100 மைக்ரோஃபாரட், டயோடுக்கு அப்பால் 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, அடாப்டரின் உறுமலைக் குறைக்க.

அயர்னை முதலில் காலிலும் செம்பிலும் சேர்த்து வைத்து, இரண்டும் சூடானதும் ஈயத்தைக் கொடுங்கள். ஈயத்தை அயர்னில் உருக்கி எடுத்துக்கொண்டு வந்து தடவினால் டிரை சால்டர்தான் கிடைக்கும். பார்க்க ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், பெட்டியைத் தட்டினால் சத்தம் போய்ப் போய் வரும். முடிந்ததும் பேட்டரியை மாட்டி நான்காம் பகுதியின் வோல்ட்களை மறுபடி பாருங்கள். பிரெட்போர்டில் எழுதி வைத்த எண்களோடு ஒத்துப்போனால் அடுத்த படி.

8. பெட்டியில் துளை

பாட்டுக்கு 7 மில்லிமீட்டர், ஜாக்குக்கு 10, கால் சுவிட்சுக்கு 12, டிசி ஜாக்குக்குப் பெரும்பாலும் 12. வாங்கிய பாகத்தை அளந்த பிறகே துளையுங்கள். காகிதத்தில் அளவாக வரைந்து பெட்டியில் ஒட்டி, மையத்தில் பஞ்ச் அடித்து, 3 மில்லிமீட்டர் பிட்டால் தொடங்கி ஸ்டெப் டிரில்லால் அகலப்படுத்துங்கள். பஞ்ச் அடிக்காவிட்டால் பிட் வழுக்கிக்கொண்டு போகும்.

பாட், சுவிட்ச், ஜாக் எல்லாம் உள்ளே ஒன்றோடொன்று மோதாமல் நிற்குமா என்பதைத் துளையிடும் முன் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். ஜாக்கில் ஒயரை மாட்டும்போது அதன் நாக்கு வெளியே நீளும். அந்த இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பேட்டரியும் இதற்குள்தான் இருக்க வேண்டும் என்றால் 1590பி பெட்டியில் இடம் நெருக்கும்.

பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். பெட்டி கிரவுண்டோடு இணைந்த உலோகமாக இருந்தால்தான் வெளி இரைச்சலை மறைக்கும்.

9. சுவிட்ச், ஜாக் ஒயரிங்

3பிடிடி சுவிட்சில் ஒன்பது கால்கள், மூன்று தனித்தனி சுவிட்ச். நடுவில் உள்ள மூன்றும் பொதுக் கால்கள். சுவிட்சைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்துவிட்டால் எல்லாமே தவறிவிடும், இது அடிக்கடி நடக்கிறது. முதலில் மல்டிமீட்டரின் பீப் வைத்து, மிதிக்க மிதிக்க எந்தக் கால் எதோடு சேர்கிறது என்று பார்த்து, மூன்று பொதுக் கால்களையும் மார்க்கரால் குறியுங்கள்.

முதல் பொதுக் காலுக்கு இன்புட் ஜாக்கின் நுனி. இரண்டாவதற்கு அவுட்புட் ஜாக்கின் நுனி. மூன்றாவதற்கு கிரவுண்டு. மேல் வரிசையில் முதல் இரண்டு கால்களையும் ஒரு கம்பியால் இணையுங்கள். பெடல் ஆஃபில் இருக்கும்போது கிட்டார் நேராக ஆம்ப்புக்குப் போகும் வழி இது. கீழ் வரிசையில் முதல் கால் போர்டின் இன்புட்டுக்கு, இரண்டாவது வால்யூம் பாட்டின் நடுக்காலுக்கு, மூன்றாவது எல்இடியின் குட்டைக் காலுக்கு. எல்இடியின் நீளக் கால் 4.7 கே வழியாக 9 வோல்ட்டுக்கு.

மலிவான சுவிட்சின் கால்கள் பிளாஸ்டிக்கில் நிற்கின்றன. ஒரே காலில் பத்து வினாடி அயர்ன் வைத்தால் உள்ளே உருகி அடுத்த முறை மிதிக்கும்போது சிக்கிக்கொள்ளும். ஒரு கால் முடிந்ததும் எதிர்முனையில் உள்ள இன்னொன்றுக்குப் போங்கள், முதல் கால் ஆறட்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பி ஸ்டீரியோ இன்புட் ஜாக்கின் நடு வளையத்துக்கு. கிட்டார் ஒயரை மாட்டும்போது மோனோ பிளக் வளையத்தையும் கிரவுண்டையும் சேர்த்துவிடும், பேட்டரி இணையும். கழற்றினால் அணையும். சர்க்யூட் இழுப்பது ஏறக்குறைய 1 மில்லிஆம்பியர்தான், எல்இடி அதைவிட அதிகம் இழுக்கிறது. வாசித்து முடித்ததும் இன்புட் ஒயரைக் கழற்றும் பழக்கம் இருந்தால் பேட்டரி நெடுநாள் வரும்.

அடாப்டர் விஷயத்தில் கவனம். கிட்டார் பெடல்களின் வழக்கம் நடுவில் நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். மாட்டினால் டயோடு தடுத்துவிடும், ஆனால் பெடல் ஓடாது. பலர் பெடல் செத்துவிட்டது என்று கழற்ற ஆரம்பிப்பது இங்கேதான்.

10. சத்தம் வராவிட்டால்

முதலில் ஆஃபில் கேளுங்கள். ஆஃபிலும் சத்தம் இல்லை என்றால் பிழை ஜாக்கிலோ சுவிட்சிலோ, போர்டைத் தொடாதீர்கள். ஆஃபில் வந்து ஆனில் வரவில்லை என்றால் வோல்ட்களைப் பாருங்கள். வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் இல்லையா? ஒரு ஒயரின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து மறுமுனையை ஆம்ப்பில் மாட்டுங்கள், அதன் கிரவுண்டைப் பெட்டியோடு இணையுங்கள். யாராவது கிட்டாரைத் தட்ட, கெப்பாசிட்டரின் காலால் இன்புட்டிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். சத்தம் எங்கே நின்றதோ அதற்கு முந்தைய பாகத்தில் பிழை. வெறும் கண்ணால் தேடுவதைவிட இது பல மடங்கு வேகம்.

11. எங்கே மாட்டுவது

கிட்டாருக்கு அடுத்து, வேறு எந்தப் பெடலுக்கும் முன்னால். இதன் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு, மிகக் குறைவு. கிட்டாரின் பிக்கப்பும் வால்யூம் பாட்டும் இந்த சர்க்யூட்டின் பாகமாகவே ஆகிவிடுகின்றன. கிட்டாரில் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் ஃபஸ் விலகிப் பளிச்சென்று சுத்தமான ஒலி வருவது இதனால்தான். நடுவில் பஃபர் (கிட்டாரை அடுத்த சர்க்யூட்டிலிருந்து பிரித்துவைக்கும் பகுதி) உள்ள பெடலோ வயர்லெஸ்ஸோ வந்தால் அந்த உறவு அறுந்துவிடும், சத்தமும் கரகரப்பாகிவிடும்.

12. ஜெர்மேனியத்துக்கு மாறுவது

ஏசி128, ஏசி188 போன்றவை பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் அவுட்புட் பகுதியில் இருந்தவை. இரண்டும் பிஎன்பி வகை, அதாவது நாம் கட்டிய சிலிக்கனுக்கு (என்பிஎன்) நேர் எதிர் வோல்ட்டில் ஓடுபவை. எனவே பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்டு, எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் திரும்ப வேண்டும், டயோடும் எல்இடியும்கூட. இப்படிக் கட்டிய பெடலை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் பகிர்ந்தால் நேர் ஷார்ட். தனி பேட்டரியில் ஓட்டுங்கள்.

ஜெர்மேனியத்தின் கெயினை மல்டிமீட்டரின் துளையில் அளக்காதீர்கள். பேஸில் எதுவும் இல்லாதபோதே இதில் கரண்ட் கசியும், மீட்டர் அதையும் கெயினோடு சேர்த்துக் காட்டும். பிரெட்போர்டில் இப்படி அளங்கள்: எமிட்டர் பேட்டரியின் பாசிட்டிவுக்கு, கலெக்டர் 2.2 கே, 270 ஓம் இரண்டையும் வரிசையாகச் சேர்த்து நெகட்டிவுக்கு. அந்த 2.47 கே-யின் மீது வோல்ட் பாருங்கள். 0.22 வந்தால் கசிவு சுமார் 90 மைக்ரோஆம்பியர். இப்போது பேஸிலிருந்து 2.2 மெக் ஒன்றை நெகட்டிவுக்கு இணையுங்கள். 0.98 ஆகிறது என்று வையுங்கள். இரண்டையும் கழித்தால் 0.76, நூறால் பெருக்கினால் உண்மையான கெயின் 76. கழிக்காமல் விட்டிருந்தால் 98 என்று ஏமாந்திருப்போம்.

டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள், எண் ஏறிக்கொண்டே போகும். உடல் சூடு அவ்வளவுக்குப் போதும். விரலை எடுத்துவிட்டு, எண் இறங்கி ஓரிடத்தில் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

க்யூ1-க்கு 70 முதல் 80, க்யூ2-க்கு 110 முதல் 130. க்யூ1-ல் கசிவு 100 மைக்ரோஆம்பியருக்குள் இருக்கட்டும். பழைய அளவுகளான (330-க்குப் பதில்) 470 ஓமும் 8.2 கே-யும் இந்த கெயினுக்கு ஏறக்குறையப் பொருந்தும், ஆனாலும் பிரிசெட்டை வைத்தே தொடங்குங்கள்.

ஜெர்மேனியத்தின் கசிவு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் இரண்டு மடங்காகிறது. ஏசி அறையில் 24 டிகிரியில் பயாஸ் வைத்த பெடலை 38 டிகிரியில் திறந்தவெளி மேடைக்குக் கொண்டுபோனால் கசிவு இரண்டரை மடங்குக்கு மேல். க்யூ1-ன் கசிவு கூடக் கூட 100 கே வழியாக அதற்குத் தேவையான கரண்ட் குறையும், க்யூ2-ன் கரண்ட்டும் சேர்ந்து இறங்கும், கலெக்டர் பேட்டரி வோல்ட்டை நோக்கி நகரும். ஸ்வரம் பொரிந்து அறுபடும். அதனால் ஜெர்மேனியத்தில் பிரிசெட்டை உள்ளே பூட்டிவைக்க வேண்டாம். 8.2 கே-க்குப் பதில் 3.3 கே ரெசிஸ்டரும் அதோடு வரிசையாக 10 கே பாட்டும் போட்டு, பாட்டின் குமிழைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள். பெடலை வாசிக்கப்போகும் இடத்தில் கால் மணி நேரம் கிடக்கவிட்டு, ஒரு ஸ்வரம் தேயும் வரை கேட்டு, குமிழைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.